"அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்க": லியர் மன்னனும் மூன்று மகள்களும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டது. பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

மெட்ரோல நின்னுக்கிட்டு, துணி மடிச்சுக்கிட்டு, பாத்திரம் தேய்ச்சுக்கிட்டுன்னு எங்கெங்கேயோ இருந்து கேட்கிற எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தைப் பற்றிப் பேசப் போறேன். பயப்படாதீங்க, பாடம் எடுக்கப் போறதில்ல. ஒரு பிறந்தநாள் விழாவுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் எங்க அப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். மதுரையில ஒரு சின்ன ஹால் எடுத்து, சொந்தக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டு, சாப்பாடு எல்லாம் ஏற்பாடு பண்ணியிருந்தோம். சித்தப்பா மைக்கை எடுத்து, "பிள்ளைங்க ரெண்டு பேரும் அப்பாவைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க"ன்னு சொன்னார். நான் பெங்களூர்ல இருந்து வந்தவன், பேசறதுதான் என் வேலையே. அஞ்சு நிமிஷம் பேசினேன். சைக்கிள்ல பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போனது, ஃபீஸ் கட்ட மோதிரத்தை அடகு வெச்சது எல்லாம் சொன்னேன். பாதிப் பேர் கண்ணைத் துடைச்சாங்க. அப்பாவும் துடைச்சார்.

அடுத்து மைக் அக்காகிட்ட போச்சு. அக்கா அப்பா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவுல இருக்கா. தினமும் காலையில அப்பாவுக்குச் சர்க்கரை பார்த்து ஊசி போடுறது அவதான். அவ மைக்கை வாங்கி, "எனக்கு இதெல்லாம் வராது, இலை போடச் சொல்லணும்"னு திருப்பிக் கொடுத்துட்டு உள்ள போயிட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. கை தட்டு எனக்குத்தான்.

அன்னைக்கு ராத்திரி பஸ்ல திரும்பும்போதுதான் லியர் ஞாபகம் வந்தது. காலேஜ்ல படிச்சப்போ நான் என்னைக் கார்டீலியா பக்கம்னு நினைச்சிருந்தேன். இல்லைங்க. நான் கோனரில்.

சரி, கதை தெரியாதவங்களுக்காக.

லியர் பழங்கால பிரிட்டனின் அரசர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மூன்று மகள்கள். மூத்தவள் கோனரில், ஆல்பனி டியூக்கின் மனைவி. அடுத்தவள் ரீகன், கார்ன்வால் டியூக்கின் மனைவி. கடைசி மகள் கார்டீலியாவுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. பிரான்ஸ் மன்னரும் பர்கண்டி டியூக்கும் அவளைக் கேட்டு வந்து காத்திருக்கிறார்கள். லியர் சபையைக் கூட்டி வரைபடத்தை விரிக்கிறார். ஆட்சிப் பொறுப்பை விட்டுவிட்டு நாட்டை மூன்றாகப் பிரித்துத் தரப் போகிறார். அதற்கு முன் ஒரு கேள்வி: உங்களில் யாருக்கு என் மேல் பாசம் அதிகம்? சொல்லுங்கள், அதற்கேற்பப் பங்கு தருகிறேன்.

மகள்கள் கையில மைக் கொடுத்தாச்சு.

கோனரில் பேசுகிறாள். கண் பார்வையை விட, சுதந்திரத்தை விட அப்பா மேல் அதிகப் பிரியம் என்கிறாள். ரீகன் ஒரு படி மேலே போகிறாள். அக்கா சொன்னது சரிதான், ஆனால் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிட்டாள் என்கிறாள். கார்டீலியாவின் முறை வருகிறது. அவள் சொல்வது ஒரே ஒரு சொல், 'ஒன்றுமில்லை'. லியர் வற்புறுத்தியதும் கொஞ்சம் விளக்குகிறாள். மகளுக்குரிய கடமைப்படி நேசிக்கிறேன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாளை திருமணமானால் என் அன்பில் பாதி கணவருக்குப் போகும். முழு அன்பும் அப்பாவுக்கே என்றால் அக்காக்கள் ஏன் கல்யாணம் செய்துகொண்டார்கள்?

லியர் வெடிக்கிறார். அவளுடைய பங்கை மற்ற இருவருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறார். தடுத்துப் பேசிய விசுவாசி கென்ட்டை நாடு கடத்துகிறார். சீர் எதுவும் இல்லை என்றதும் பர்கண்டி பின்வாங்க, பிரான்ஸ் மன்னர் அவளை அப்படியே ஏற்றுக்கொண்டு அழைத்துப் போகிறார்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. இது உண்மையான போட்டியே இல்லை. நாடகத்தின் முதல் சில வரிகளிலேயே கென்ட்டும் க்ளாஸ்டரும் பேசிக்கொள்வதைக் கேட்டால், மருமகன்கள் இருவருக்கும் எவ்வளவு என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது தெரியும். கோனரில் பேசி முடித்தவுடன், ரீகன் வாயைத் திறப்பதற்கு முன்பே, கோனரிலின் பங்கை லியர் கொடுத்துவிடுகிறார். மூன்று பேரையும் கேட்டு ஒப்பிட்டுத் தருபவர் அப்படிச் செய்வாரா? செழிப்பான பங்கு கார்டீலியாவுக்கு என்று முன்பே ஒதுக்கி வைத்திருக்கிறார். அவருக்குத் தேவைப்பட்டது, சபை முன்னால் ஒரு பாராட்டு விழா.

அதிகாரம் மொழியை என்ன பண்ணுதுங்கறதுக்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியல. கேட்கிறவர் கையில் நிலம் இருக்கிறது. பதில் சொல்கிறவருக்கு அந்த நிலம் வேண்டும். அந்த இடத்தில் 'பாசம்' என்ற சொல்லுக்கு அகராதி அர்த்தம் கிடையாது, விலைதான் உண்டு. கோனரிலும் ரீகனும் பொய் சொன்னார்கள், சரி. ஆனால் அந்தச் சந்தையைத் திறந்து வைத்தது அப்பா.

காட்சியின் முடிவில் அக்கா தங்கை இருவர் மட்டும் தனியாக நிற்கும் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சபையில் இருவரும் கவிதை நடையில், அலங்காரமாகப் பேசினார்கள். தனியானவுடன் ஷேக்ஸ்பியர் அவர்களை உரைநடைக்கு மாற்றிவிடுகிறார். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, நிதானம் இல்லை, முன்பிருந்தே அப்படித்தான், நாம் சீக்கிரம் ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். விழா முடிஞ்சு மைக் அணைச்சப்புறம் கார் பார்க்கிங்ல நடக்கிற பேச்சு அது. இன்னொன்றையும் சொல்லணும். அப்பாவைப் பற்றி அவர்கள் அங்கே சொல்வது பொய்யில்லை. கடைசிக் குழந்தை மேல்தான் அவருக்கு எப்போதும் பிரியம் என்று கோனரில் சொல்வதும் உண்மை. வில்லிகளுக்கும் ஒரு குடும்பக் காயம் இருக்கிறது.

இனி, இந்தக் கதை எழுதப்பட்ட காலத்துக்கு வருவோம். 1606 டிசம்பர் 26ஆம் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறையில், லண்டன் வைட்ஹால் அரண்மனையில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னால் இந்த நாடகம் நடந்தது. ஜேம்ஸ் ஸ்காட்லாந்தின் மன்னராக இருந்து 1603இல் இங்கிலாந்துக்கும் மன்னரானவர். இரண்டையும் ஒரே நாடாக இணைக்க வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. அவர் மூத்த மகன் ஹென்றியின் பட்டங்களில் ஒன்று கார்ன்வால் டியூக். இளைய மகன் சார்ல்ஸ், ஆல்பனி டியூக். ஆமாங்க, நாடகத்தில் வரும் அதே ரெண்டு பட்டங்கள். நாட்டைப் பிரித்துக் கெடுத்த ஓர் அரசரின் கதையை, நாட்டைச் சேர்க்கத் துடிக்கும் ஓர் அரசரின் முன்னால் போட்டிருக்கிறார்கள். அந்தச் சபையிலும் அரசரைப் புகழ்ந்தே பதவி வாங்கியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்திருப்பார்கள், இல்லையா?

கதை ஷேக்ஸ்பியர் உருவாக்கியது கிடையாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மான்மத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி எழுதிய பிரிட்டன் மன்னர்களின் வரலாற்றிலேயே லியர் இருக்கிறார். 1605இல் இன்னொரு பழைய லியர் நாடகமும் அச்சில் வந்தது. அவற்றில் அப்பாவும் கடைசி மகளும் ஜெயித்து, லியர் மறுபடியும் அரியணை ஏறுவார். அந்த முடிவை மாற்றியது ஷேக்ஸ்பியர். ஏன் மாற்றினார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

லியர் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அரசர் என்ற பெயர் தனக்கே இருக்கும். தன்னோடு 100 வீரர்கள் இருப்பார்கள். மாதம் ஒரு மகள் வீட்டில் தங்குவார். வேலை வேண்டாம், மரியாதை மட்டும் வேண்டும். அது நடக்குமா?

நடக்கவில்லை. கோனரில் முதலில் வீரர்களைக் குறைக்கச் சொல்கிறாள். 100 பேர் 50 ஆகிறார்கள். கோபித்துக்கொண்டு ரீகனிடம் போனால், அவள் 25 பேருக்கு மேல் இடமில்லை என்கிறாள். அப்போது லியர் என்ன பண்றார் தெரியுமா? கோனரில் பக்கம் திரும்பி, 50 என்பது 25இல் இரண்டு மடங்கு, ஆகவே உன் பாசமும் இவளுடையதில் இரண்டு மடங்கு, உன்னோடே வருகிறேன் என்கிறார். இவ்வளவு பட்ட பிறகும் மனுஷன் பாசத்தை எண்ணிக்கையில்தான் அளக்கிறார்! அவர் தொடங்கி வைத்த ஏலம், இப்போது தலைகீழாக நடக்கிறது. 25, பத்து, ஐந்து, கடைசியில் ஒருவர்தான் எதற்கு என்று கேட்டு முடிக்கிறார்கள்.

நேற்று வரை அவர் சொல் என்பது செயல். 'போ' என்றால் கென்ட் நாட்டை விட்டே போக வேண்டும். நிலம் கைமாறியதும் அதே வாய், அதே குரல், ஆனால் எதுவும் நடப்பதில்லை. பழி வாங்குவேன் என்கிறார், என்ன செய்வார் என்று அவருக்கே தெரியவில்லை. மகளைச் சபிக்கிறார். கடைசியில் புயலைப் பார்த்துக் கட்டளை போடுகிறார். புயல் கேட்குமா என்ன? தன் பேச்சுக்கு மதிப்பு இருந்ததா, தன் நாற்காலிக்கு இருந்ததா என்ற கேள்விக்கு எண்பது வயதில், கொட்டும் மழையில், விடை கிடைக்கிறது.

இது பழைய கதைன்னு தோணினா ஒன்று சொல்றேன். நம்ம நாட்டில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007இல் வந்த சட்டத்தில் 23ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒருவர் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். லியருக்கு அப்படி ஒரு தீர்ப்பாயம் இல்லை. இன்றைக்கு நமக்கு அது தேவைப்படுகிறது.

நாடகத்தில் இன்னொரு குடும்பமும் இருக்கிறது. க்ளாஸ்டர் பிரபு, அவருடைய முறையான மகன் எட்கர், திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் எட்மண்ட். முதல் காட்சியிலேயே எட்மண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் பிறப்பைப் பற்றி க்ளாஸ்டர் நையாண்டி செய்கிறார். அப்படி வளர்ந்த பிள்ளை, எட்கரின் பெயரில் ஒரு கடிதத்தைப் போலியாக எழுதுகிறான். அப்பா சீக்கிரம் போனால் சொத்தைப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்ற அர்த்தம் வரும் கடிதம்.

எட்மண்ட் இதைச் செய்யும் விதத்தைப் பாருங்க, இன்னைக்கு வாட்ஸ்அப்ல நடக்கிற அத்தனையும் இதுல இருக்கு. கடிதத்தை அவன் நீட்டவில்லை. அப்பா வரும்போது அவசரமாக மறைக்கிறான். என்ன அது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். கார்டீலியா சொன்ன அதே சொல்! அவள் வாயில் உண்மையாக இருந்தது, இவன் வாயில் தூண்டிலாகிறது. க்ளாஸ்டர் பிடுங்கிப் படித்த பிறகும் எட்மண்ட் அண்ணன் மேல் குற்றம் சொல்லவில்லை. அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை, உங்கள் மேல் எனக்குள்ள பாசத்தைச் சோதிக்க எழுதியிருப்பார் என்று பரிந்து பேசுகிறான். பொய்யைத் தானே கண்டுபிடித்ததாக அப்பாவை நம்ப வைக்கிறான். தானே கண்டுபிடித்த பொய்யை யாரும் சந்தேகிப்பதில்லை.

விளைவு பயங்கரம். எட்கர் தப்பி ஓடி, பைத்தியக்காரப் பிச்சைக்காரனாக வேடம் போடுகிறான். லியருக்கு உதவியதற்காக க்ளாஸ்டரை எட்மண்ட் காட்டிக் கொடுக்கிறான். கார்ன்வால் மேடையிலேயே க்ளாஸ்டரின் கண்களைப் பிடுங்குகிறான். அங்கே ஒரு வேலைக்காரன் தன் எஜமானுக்கு எதிராகக் கத்தியை உருவுகிறான். நாடகத்தில் அவனுக்குப் பெயர்கூட இல்லை. சின்ன வயதிலிருந்து உங்களுக்குச் சேவை செய்திருக்கிறேன், இப்போது உங்களைத் தடுப்பதுதான் நான் செய்யும் பெரிய சேவை என்ற அர்த்தத்தில் பேசிவிட்டு, கார்ன்வாலுக்குச் சாவுக்காயம் கொடுத்துத் தானும் சாகிறான். 'விசுவாசம்' என்ற சொல்லுக்கு இந்த நாடகம் தரும் நேர்மையான விளக்கம் அவன்தான்.

இதுவரைக்கும் கேட்டவங்க, 'சரி, இனிமையா பேசறவங்க கெட்டவங்க, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா பேசறவங்க நல்லவங்க'ன்னு முடிவு பண்ணியிருப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஷேக்ஸ்பியர் அவ்வளவு லேசா விடல.

கண்ணிழந்த க்ளாஸ்டர், டோவர் கடற்கரைப் பாறையிலிருந்து குதித்துச் சாக வேண்டும் என்கிறார். அவரை அழைத்துப் போவது எட்கர், தான் யார் என்று சொல்லாமல். சமதளத்தில் நிறுத்தி, இதோ பாறை விளிம்பு, கீழே மீனவர்கள் எலி அளவில் தெரிகிறார்கள் என்று வர்ணிக்கிறான். பெரியவர் குதிக்கிறார், நின்ற இடத்திலேயே விழுகிறார். உடனே எட்கர் குரலை மாற்றி, அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தீர்கள், தெய்வங்கள் உங்களைக் காப்பாற்றின என்கிறான். முழுப் பொய். அப்பாவை வாழ வைக்கச் சொன்ன பொய். நாடு கடத்தப்பட்ட கென்ட்டும் வேடம் மாற்றித்தான் லியரிடம் வேலைக்குச் சேருகிறார். நல்லவர்களும் இங்கே ஏமாற்றுகிறார்கள்.

அடுத்து கார்டீலியா. பிரெஞ்சுப் படையோடு அப்பாவைத் தேடி வருகிறாள். லியர் தூங்கி எழுந்து அவளை அடையாளம் கண்டு, உன் அக்காக்கள் எனக்குத் தீங்கு செய்ததற்குக் காரணமில்லை, என்னை வெறுக்க உனக்குக் காரணம் இருக்கிறது என்கிறார். அவள் அப்படி ஒரு காரணமும் இல்லை என்கிறாள்.

யோசிச்சுப் பாருங்க. அது உண்மையா? காரணம் இல்லையா? சபை நடுவில் அவமானப்படுத்தி, சொத்தைப் பறித்து, சபித்து அனுப்பினார். காரணம் மலையளவு இருக்கு. முதல் காட்சியில் ஒரு இம்மி மிகையாகப் பேச மறுத்த பெண், இங்கே உண்மையில்லாத ஒன்றைச் சொல்கிறாள். எனக்கு நாடகத்திலேயே மிக உண்மையான பேச்சாகப் படுவது இதுதான்.

என்ன வித்தியாசம்? கோனரில் பேசியபோது எதிரில் வரைபடம் இருந்தது. கார்டீலியா இப்போது பேசும்போது அப்பாவிடம் கொடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. பேச்சினால் அவளுக்கு லாபம் கிடையாது. அந்தச் சொல்லின் சுமை முழுவதும் அவளுடையது. இனிப்பா கசப்பா என்பதைவிட, இந்தப் பேச்சுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் நாடகம் எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது.

முடிவைச் சொல்லிடறேன். படை தோற்கிறது. எட்மண்டுக்காகப் போட்டி போட்ட அக்கா, தங்கைக்கு விஷம் வைத்துவிட்டுத் தானும் குத்திக்கொண்டு சாகிறாள். சாகும் நேரத்தில் எட்மண்ட் மனம் மாறி, கார்டீலியாவைக் கொல்லச் சொன்ன உத்தரவை நிறுத்தச் சொல்கிறான். தாமதமாகிவிட்டது. லியர் மகளின் உடலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

இந்த முடிவை மக்களால் தாங்க முடியவில்லை. 1681இல் நேஹம் டேட் என்பவர் இதை மாற்றி எழுதினார். அதில் லியர் பிழைப்பார், கார்டீலியாவுக்கும் எட்கருக்கும் கல்யாணம். ஏறக்குறைய 150 வருஷம் இங்கிலாந்து மேடைகளில் ஓடியது அந்த வடிவம்தான். கார்டீலியாவின் சாவு தன்னை உலுக்கியதால், பதிப்பிக்கும் வேலை வந்த பிறகுதான் கடைசிக் காட்சிகளை மறுபடி படிக்க முடிந்தது என்று சாமுவேல் ஜான்சனே எழுதியிருக்கிறார்.

ஷேக்ஸ்பியர் ஏன் மாற்றினார்? எனக்குத் தோன்றுவதைச் சொல்றேன். பழைய கதையில், உண்மை பேசினால் கடைசியில் நாடு திரும்பக் கிடைக்கும். அப்படியென்றால் உண்மையும் ஒரு நல்ல முதலீடு, அவ்வளவுதான். இங்கே கார்டீலியாவுக்கு எதுவும் கிடைப்பதில்லை. கிடைக்காது என்று தெரிந்தும் வந்தாளே, அதனால்தான் அவள் அன்பை நாம் நம்புகிறோம்.

சரி, என் கதைக்கு வர்றேன். மேடையில் நான் சொன்னது எதுவும் பொய்யில்லை. மோதிரம் அடகு வெச்சது நிஜம். ஆனால் அந்த அஞ்சு நிமிஷத்துக்கு நான் கொடுத்த விலை என்ன? ஒண்ணும் இல்ல. அப்பா காலையில எத்தனை யூனிட் இன்சுலின் போடுறார்னு யாராவது அன்னைக்குக் கேட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் அக்காவுக்குப் போன் பண்ணினேன். "மேடையில உன்னைப் பத்திச் சொல்லியிருக்கணும்க்கா, மன்னிச்சுக்கோ"ன்னு ஆரம்பிச்சேன். அவ பாதியிலேயே நிறுத்திட்டா. "டேய், இதுவும் பேச்சுதானடா. அடுத்த மாசம் அப்பாவுக்குக் கண் செக்கப் இருக்கு. லீவு போட்டுட்டு வந்து நீ கூட்டிட்டுப் போ. என்னால முடியாது, பிள்ளைக்குப் பரீட்சை"ன்னா.

போனேன். ஆஸ்பத்திரியில கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, பெஞ்சில ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சாங்க. அப்பாவுக்கு எதுவும் தெளிவாத் தெரியல, என் கையைப் பிடிச்சுக்கிட்டார். நாங்க பெருசா ஒண்ணும் பேசல.

இந்த வாரம் அவ்வளவுதான். உங்க வீட்டுல யாருக்கு மைக் கொடுத்தா திருப்பிக் கொடுத்துடுவாங்க? யோசிச்சு வைங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.